கொள்ளுக் கொடியும் புது பெடலும்

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம். மாசி மாதம். மதுரையிலிருந்து திருச்சி போகும் ரோட்டில், கொட்டாம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் மேலேயே நான் விழுந்து கிடந்தேன். என் கால் இரண்டும் சைக்கிளோடு பூட்டிக் கிடந்தன. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கால் எப்படிச் சைக்கிளோடு பூட்டிக்கொள்ளும் என்று நீங்கள் கேட்பீர்கள். என் அம்மாவே பல வருஷம் கேட்டார். அதனால் முதலில் அந்த பெடல் கதையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு செல்லூரில். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது அதிசயமில்லை. பால் வாங்கவும் டியூஷனுக்கும் எல்லோரும் சைக்கிளில்தான் போவார்கள். நான் ஓட்டியது பந்தய சைக்கிள். ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயருமாக அது தெருவில் போனால் ஆளாளுக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே மாவட்ட அளவில் ஜெயித்து, மாநில அணித் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. விழுந்து வைக்காதே என்று மட்டும் தினமும் சொல்வார்.

கோரிப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு அண்ணன்தான் என்னோடு பயிற்சிக்கு வருவார். ஒரு காலத்தில் அவரும் பந்தயம் ஓட்டியவர். நாற்பதைத் தாண்டியும் மேட்டில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார், அப்புறம் மேலே நின்றுகொண்டு சிரிப்பார். எனக்கு அது ஆகவே ஆகாது. எப்படியாவது அவரை ஒருநாள் முந்திவிட வேண்டும் என்பதற்காகவே பாதி நாள் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் தப்பில்லை.

இப்போது பெடல். பந்தய சைக்கிளில் முன்பெல்லாம் பெடலுக்கு மேல் ஒரு கம்பிக் கூண்டு இருக்கும், அதில் காலை நுழைத்துத் தோல் வாரை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு வந்தது கிளிப்லெஸ் பெடல். அந்தக் கூண்டுக்குக் கிளிப் என்று பேர், அது இல்லை என்பதால் அந்தப் பெயராம். ஆனால் காலைப் பிடிப்பதில் அதற்கு மிஞ்சியது எதுவும் கிடையாது. ஷூவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கட்டை இருக்கும், அதை பெடல் மேல் வைத்து மிதித்தால் ஸ்பிரிங் வந்து 'டக்'கென்று கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். நாங்கள் அதைப் பூட்டு பெடல் என்போம். கால் பெடலை விட்டு நழுவாது, மிதிக்கும்போதும் பலம், தூக்கும்போதும் பலம். ஒரு தடவை பழகிவிட்டால் சாதா பெடல் செருப்பில்லாமல் நடப்பது போல ஆகிவிடும்.

என்னிடம் முதலில் இருந்தது பழைய காலத்துப் பூட்டு பெடல். அண்ணன் ஓட்டிக் கழித்தது. அதில் கால் மாட்டினால் சிமெண்ட் போட்டு வைத்த மாதிரி அசையாது. இப்படி அப்படி ஒரு இம்மியும் ஆடாது. அதே நேரம், குதிகாலைச் சும்மா ஒரு வெட்டு வெட்டினால் உடனே விட்டுவிடும். இறுக்கமான பெடல், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். ரெண்டு வருஷம் அதில் ஓட்டியதில் அந்த வெட்டு என் காலுக்கு ஊறிப் போயிருந்தது. சிக்னலைப் பார்த்தாலே குதிகால் தானாக வெளியே போகும். சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழும்போதுகூடப் போகும். என் தங்கை அதைப் பார்த்துப் பார்த்து நடித்துக் காட்டுவாள், வீடே சிரிக்கும்.

கால் அசையாமல் இருந்ததற்கு விலை முழங்கால். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் வலது முழங்காலுக்குள் யாரோ கோணி ஊசியால் குத்துவது போல இருக்கும். மாடிப்படி இறங்க முடியாது. டாக்டர் சைக்கிளை விட்டுவிடச் சொன்னார். நான் டாக்டரை விட்டுவிட்டேன். அப்போதுதான் அண்ணனின் உறவுக்காரர் ஒருவர் துபாயிலிருந்து வந்தபோது, புது மாதிரி பூட்டு பெடல் ஒரு ஜோடி கொண்டுவந்தார். அதில் விசேஷம் என்னவென்றால், மாட்டிய பிறகும் கால் கொஞ்சம் இடமும் வலமும் ஆடும். முழங்கால் தனக்கு எது சௌகரியமோ அப்படித் திரும்பிக்கொள்ளும். அந்த ஆட்டம் முடிகிற இடத்துக்கு அப்பால் குதிகாலைத் தள்ளினால்தான் பூட்டு விடும்.

கடை வாசலில் அண்ணன் மாட்டிக் கொடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டிக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்.

"நல்லா வெளிய தள்ளு தங்கச்சி. ஆடுறதோட நிறுத்தீராத. அதுக்கும் அங்கிட்டுப் போனாத்தேன் விடும்."

தள்ளினேன், விட்டது. மறுபடி மாட்டினேன், மறுபடி விட்டது. இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு, யோசித்து யோசித்துத் திருப்பினால் எவருக்கும் விடும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் யாரும் விழுவதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேர்வுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்தது. வழக்கமாக இருட்டோடு கிளம்பிவிடுவோம். அன்று ஷூவின் கட்டையைச் சரிபார்த்து முடுக்குவதிலேயே நேரம் போய், விடிந்த பிறகுதான் கிளம்பினோம். கோரிப்பாளையம் முக்கைக்கூடத் தாண்டவில்லை, முன்னால் போன டவுன் பஸ் சட்டென்று நின்றது. என் குதிகால் வழக்கப்படி ஒரு வெட்டு வெட்டியது. கால் ஆடியது, விடவில்லை. சைக்கிள் சாய ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோவின் மேல்கம்பியை எட்டிப் பிடித்துத் தொங்கிக்கொண்டேன். ஆட்டோக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பஸ் நகர்ந்ததும் நானும் ஒன்றும் நடக்காத மாதிரி நகர்ந்தேன். முன்னால் போன அண்ணன் அதைப் பார்க்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் அதெல்லாம் மறந்துவிட்டது. ஏனென்றால் முழங்கால் வலிக்கவில்லை. ஒத்தக்கடை போயிற்று, மேலூர் போயிற்று, வலி வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவேயில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மேலூருக்கு அப்புறம் ஒரு இடத்தில் ஆடுகள் குறுக்கே வந்தன. தூரத்திலேயே பார்த்து, யோசித்து, குதிகாலை நன்றாகத் தள்ளி, காலை எடுத்து ஊன்றினேன். யோசித்தால் விடுகிறது, யோசிக்காவிட்டால் விடவில்லை. அவ்வளவுதானே, யோசித்து ஓட்டினால் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அந்த ரோடு இன்றைக்கு இருப்பது போல அகலமில்லை. போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி, அவ்வளவுதான். அந்தச் சீசனில் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்களில் கொள்ளு அறுப்பு முடிந்து, காய்ந்த செடியைக் கொண்டுவந்து ரோட்டில் பாதிக்குப் பரப்பி வைத்திருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறி இறங்கினால் நெற்று உடைந்து கொள்ளு உதிர்ந்துவிடும், அடித்துத் தட்ட வேண்டிய வேலை மிச்சம். கார்க்காரர்கள் கொடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் என்று ஒதுங்கிப் போவார்கள். அதனால் ஓரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டு, வருகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டுவார். இந்தப் பக்கமாக ஏத்திட்டுப் போ என்று அர்த்தம். லாரிக்காரர்களுக்கு இது பழக்கம். கை காட்டினால் ஒரு ஹாரன் அடித்துவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் செடி மேலேயே ஏற்றிக்கொண்டு போவார்கள். சைக்கிள்காரர்கள் நாங்களும் நடு ரோட்டுக்கு ஏறி ஒதுங்கிவிடுவோம்.

அன்றும் அப்படித்தான். முன்னால் போன அண்ணன் வலதுபக்கம் விலகி, செடிக் குவியலைத் தாண்டிவிட்டார். அவர் பின்னாலேயே நானும் விலகப் போனேன். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பஸ் காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு என்னை முந்த வந்தது. வலதுபக்கம் இடமில்லை. பஸ்ஸின் தகரம் என் முழங்கையை உரசாத குறை. இடதுபக்கம் முழங்கால் உயரத்துக்குக் கொள்ளுச் செடி. வேறு வழியில்லாமல் செடிக்குள் இறங்கினேன்.

கொள்ளுச் செடி நெல் வைக்கோல் மாதிரி இல்லை. கொடி கொடியாக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். என் பின் சக்கரம் அதை வாரிச் சுற்றிக்கொண்டு, நான் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. குதிகால் வெட்டியது. ஆடியது. விடவில்லை. மறுபடி வெட்டினேன். அதற்குள் வலதுபக்கமாகச் சாய்ந்து, தோள்பட்டை தரையில் இடித்து விழுந்தேன். உள்ளே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பஸ் போய்விட்டது. அண்ணன் காற்றுச் சத்தத்தில் எதுவும் கேட்காமல் போய்க்கொண்டே இருந்தார்.

வலது கால் சைக்கிளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது, குதிகாலைத் திருப்ப இடமே இல்லை. இடது கால் மேலே இருந்தது, அதைத் திருப்பலாம். திருப்பினேன். அதே வெட்டு, அதே ஆட்டம். இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும் என்று மண்டைக்குத் தெரிகிறது. அண்ணன் சொன்னது காதில் கேட்கிறது. ஆனால் கால் கேட்கவில்லை. பயத்தில் கால் தனக்குத் தெரிந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. ஷூவையாவது கழற்றலாம் என்றால் வலது கை தூக்க வரவில்லை, இடது கை எட்டவில்லை.

ஓரத்தில் நின்று கை காட்டிக்கொண்டிருந்த பெண் ஓடி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஒரு பழைய ஆம்பளைச் சட்டை, கையில் செடியைப் புரட்டிப் போடுகிற கவைக்கம்பு. கம்பைக் கீழே போட்டுவிட்டு என் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினார். நான் வலியில் அலறிவிட்டேன். நான் எழுந்தால் சைக்கிளும் சேர்ந்து எழுகிறது.

"என்னத்தா இது, வண்டியும் கூடவே வருது" என்றார்.

"கால் பூட்டியிருக்குக்கா. பெடல்ல பூட்டியிருக்கு."

அவருக்கு எப்படிப் புரியும். சங்கிலியில் கால் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, கொடியைப் பிய்த்து எறிந்துவிட்டு என் இடது ஷூவைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் பின்னால் இழுத்தார். பின்னால் இழுத்தால் விடுகிற பெடலா அது. இழுக்க இழுக்க இன்னும் இறுக்கமாகக் கவ்வியது. அப்போதுதான் தூரத்தில் லாரி ஹாரன் கேட்டது.

திரும்பிப் பார்த்தோம். மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. பாரம் ஏற்றின லாரி. நான் செடிக்குள் கிடந்தேன், என் மேலெல்லாம் கொடி, போட்டிருந்த பனியனும் காக்கி நிறம். மேலே இருந்து பார்க்கிற டிரைவருக்கு என்னைத் தெரிய வாய்ப்பே இல்லை. அந்தப் பெண் எழுந்து லாரியைப் பார்த்து ஓடினார். ரெண்டு கையையும் தூக்கி வீசு வீசென்று வீசினார்.

நான் செடி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி வேகம் குறையவில்லை. மெல்ல இடதுபக்கம் ஒதுங்கியது. செடியைப் பார்த்து ஒதுங்கியது. பிறகு சின்னதாக ஒரு ஹாரன் அடித்தது. சரி, ஏத்திட்டுப் போறேன் என்று சொல்கிற ஹாரன்.  அந்த மாதம் முழுக்க அந்த ரோட்டில் பெண்கள் கை வீசியதெல்லாம் வா வா என்பதற்குத்தான். இவரும் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். இப்போது நில் என்று வீசினால் அவனுக்கு எப்படித் தெரியும். வீச வீச அவன் இன்னும் நேராக என்னைப் பார்த்து வந்தான்.

அவருக்கும் அது புரிந்துவிட்டது. சட்டென்று கையைக் கீழே போட்டார். திரும்பி என்னிடம் ஓடி வந்தார். மறுபடி இழுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து இடது கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. கீழே கிடந்த கவைக்கம்பை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, எனக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றார். கை வீசவில்லை. கத்தவில்லை. கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ரெண்டு காலையும் அகட்டி ஊன்றி நின்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகும் வெடித்த குதிகால்களும்தான். போங்கக்கா, போயிருங்க என்று நான் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். வாயிலிருந்து சத்தம் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இடது கால் மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தது. தரை அதிர்வது கன்னத்தில் தெரிந்தது. அம்மாவின் முகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பிரேக் சத்தம் கேட்டது. ஆனால் லாரி நிற்கவில்லை, வழுக்கியது. உதிர்ந்த கொள்ளு டயருக்கு அடியில் கிடந்து உருள, அவ்வளவு பெரிய வண்டி அப்படியே சறுக்கிக்கொண்டு வந்தது. புழுதி வந்து மூடியது. டீசல் நாற்றமும் ரப்பர் தீய்ந்த நாற்றமும் மூக்கில் ஏறின. பிறகு இன்ஜின் அணைந்து ஒரு சத்தமும் இல்லை.

கண்ணைத் திறந்தேன். அந்த வெடித்த குதிகால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவர் குறுக்கே பிடித்திருந்த கம்பு லாரியின் பம்பரில் இடித்து நின்றது.

டிரைவர் கதவைத் திறந்து குதித்தான். முகத்தில் ரத்தமே இல்லை. பயத்தில் வருகிற கோபம் இருக்கிறதே, அந்தக் கோபத்தில் வந்தான்.

"ஏம்மா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஏத்தச் சொல்லித்தானே கை காட்டுன?"

அவர் விலகி நின்றார். டிரைவர் அப்போதுதான் செடிக்குள் கிடந்த என்னைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டு, அப்படியே முன் சக்கரத்தில் சாய்ந்துவிட்டான். 

அப்போதுதான் நான் இடது குதிகாலை மறுபடி திருப்பினேன். அவசரமில்லாமல், ஆட்டம் முடிகிற இடம் வரை கொண்டுபோய், இன்னும் கொஞ்சம் தள்ளினேன். 'டக்'. விட்டுவிட்டது. பச்சைப்பிள்ளைகூடத் திருப்பிவிடலாம், அவ்வளவு லேசாக விட்டது. நான் வாய்விட்டு அழுதது வலியால் இல்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

டிரைவர் வந்து சைக்கிளைத் தூக்கிப் பிடிக்க, வலது காலும் வந்தது. அந்தப் பெண் என் ஷூவைத் திருப்பி அடியிலிருந்த கட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு பெடலைப் பார்த்தார்.

"ஏன் தாயி, செருப்ப வண்டியோட தச்சுக்கிட்டா வருவாக?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ரோட்டோரம் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பல் கிட்டிக்கிற அளவுக்கு நடுக்கம். டிரைவர் வண்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாட்டிலைப் பிடிக்க முடியவில்லை, பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. நிற்கும்போது இல்லாத நடுக்கம் எல்லாம் சேர்த்து வைத்து வந்த மாதிரி வந்தது.

அண்ணன் அதற்குள் என்னைக் காணாமல் திரும்பி வந்துவிட்டார். லாரியையும் என்னையும் பார்த்ததும் "யா அல்லா" என்று சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். அதே லாரியைத் திருப்பி, அதில் ஏற்றித்தான் என்னை மேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக அந்த டிரைவர், செடி பரப்பியிருந்த இடம் வந்தபோதெல்லாம் வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்து, எட்டி எட்டிப் பார்த்து, சுற்றிக்கொண்டு போனான். ஓரத்தில் பெண்கள் கை காட்டினார்கள், அவன் ஹாரன் அடிக்கவில்லை.

காறை எலும்பு முறிந்திருந்தது. மாநிலத் தேர்வு போச்சு. அதற்காக நான் ரெண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருப்பது அவ்வளவு பெரிய விஷயமாக அப்போதுதான் தெரிந்தது. அண்ணன்தான் ஆறவே இல்லை. அந்த பெடலைக் கழற்றி வைகையில் வீசப் போகிறேன் என்றார். வீச வேண்டாம் என்று சொல்லி, கையில் கட்டோடு அவர் கடைக்குப் போனேன். பழைய பெடலையும் புதுப் பெடலையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, ஷூவைக் கையால் மாட்டித் திருப்பிப் பார்த்தோம். பழையது சும்மா ஒரு சுண்டு சுண்டியதும் விட்டது. புதியது அதற்கு நல்ல தூரம் தள்ளிப் போய்த்தான் விட்டது, ஆனால் விடும்போது பழையதைவிட மெதுவாக, நோகாமல் விட்டது. இதில் எது நல்ல பெடல் என்று கேட்டால் புதியதுதான் என்பேன். என் முழங்காலைக் காப்பாற்றியது அது. இன்று வரை அந்த மாதிரியைத்தான் ஓட்டுகிறேன். புதிதாக மாட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும், ஸ்பிரிங்கின் பிடியைக் குறைக்கிற திருகைத் தளர்த்தி வையுங்கள், ஒரு மாதம் ரோட்டுக்கே போகாதீர்கள், மைதானத்தில் ஓட்டுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவரைத் திடீரென்று கத்தச் சொல்லுங்கள் என்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மண்டை கற்றுக்கொள்வது வேறு, கால் கற்றுக்கொள்வது வேறு.

கட்டுப் பிரித்த பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். ரோட்டில் கொள்ளு எல்லாம் முடிந்திருந்தது. டீக்கடையில் விசாரித்தோம், லாரியை மறிச்ச அக்காவா என்று கேட்டு வீட்டைக் காட்டினார்கள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, ஹெல்மெட் இல்லாமல் சுடிதாரில் இருந்தேன். சொன்னதும் என் தோளைத் தொட்டுப் பார்த்தார், கூடிருச்சா என்று கேட்டார். வழி நெடுக என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொண்டே வந்த அம்மா, அவரைப் பார்த்ததும் அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அத்தனை நாளாக ராத்திரி தூக்கம் வராமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன்க்கா நின்னீங்க என்று கேட்டேன்.

கேள்வியே புரியாத மாதிரி அவர் என்னைப் பார்த்தார்.

"வேற என்ன செய்யச் சொல்ற? இழுத்தேன், நீ வரல. கை காட்டுனேன், அவன் நிக்கல. அப்பறம் நின்னேன்."

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். வாசலில் ரெண்டு பெண்குழந்தைகள் பள்ளிக்கூடச் சீருடையில் நின்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"வண்டி நின்னதுக்கப்பறந்தேன், எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்குன்னு நெனப்பே வந்துச்சு. அதேன் ஒக்காந்துட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலூர் வரை அழுதுகொண்டே வந்தார். நான் அழவில்லை, என்னால் எதையும் நினைக்க முடியவில்லை. வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள், இன்னும் சைக்கிள் ஓட்டுகிறேன், காலை பெடலில் மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்த முதுகும் அந்தக் குதிகால்களும் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. நான் ரோட்டில் கிடந்ததற்குக் காரணம் என் கால்களைப் பெடல் பிடித்திருந்தது. அவருடைய கால்களை எதுவுமே பிடித்திருக்கவில்லை, எந்த நொடியிலும் ஓரத்துக்கு ஓடியிருக்கலாம், ஆனாலும் அவர் அங்கேயே நின்றார் என்பதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக நினைத்துவிட்டுக் கடக்க முடியவில்லை.